வேலை கிடைத்த பிறகும் முகம் வாடுவது ஏன்?

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவர்)



முதலாம் ஆண்டில் காலடி எடுத்து வைத்த நாள் முதல் நம் காதில் விழுகிற சொல் ஒன்றே ஒன்றுதான். வேலை. அரியர் இல்லாமல் முடித்தால் வேலை, கேம்பஸ் வந்தால் வேலை, அப்ரண்டிஸ் போனால் பின்னால் வேலை. வேலை கிடைக்காதவன் வருந்துவதில் வியப்பேதும் இல்லை. வேலை கிடைத்தவன் ஏன் வருந்துகிறான்? ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனதும் "நாளைக்கு ஷிப்டுக்குப் போகணுமே" என்று முகம் தொங்கிப்போகும் அண்ணன்கள் நம் ஒவ்வொருவர் தெருவிலும் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் சோம்பேறியாக இருப்பவர் காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக மெயின் ரோட்டில் வந்து நிற்கமாட்டார். ஆகவே காரணத்தை வேறு எங்கேனும்தான் தேடவேண்டும். படித்ததையும் பார்த்ததையும் வைத்துக்கொண்டு எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

சம்பளம் மட்டும்தானா?

கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் பதில், "சம்பளம் பத்தல." இதைத் தள்ளிவிட முடியாது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். சம்பளம் முக்கியமில்லை என்று நான் எழுதினால் என் அம்மாவே சிரிப்பார். ஆனாலும் சம்பளத்தோடு கதை முடிந்துவிடவில்லை என்பதற்கு ஒரு பழைய தொழிற்சாலை சாட்சியாக இருக்கிறது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் ஹென்றி ஃபோர்டு 1913-ல் நகரும் அசெம்ப்ளி லைனைக் கொண்டுவந்தார். ஒரு காரின் சேசிஸைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது, சில மாதங்களில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது. நம் பாடப்புத்தகம் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். அதே 1913-ல் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுமார் 14,000 பேர் வேலை செய்யும் அந்த ஆலையில், ஆள் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள ஓராண்டில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வருகிறவர்கள் வந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்! 1914 ஜனவரியில் ஃபோர்டு நாள் கூலியை ஐந்து டாலராக, அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்த்தினார். ஒன்பது மணி நேர வேலையை எட்டு மணி நேரமாகக் குறைத்தார். ஆலை வாசலில் கூட்டம் அலைமோதியது. ஓடுவது வெகுவாகக் குறைந்தது. (முழு ஐந்து டாலர் பெறத் தகுதி உண்டா என்று பார்க்கக் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து, குடிக்கிறாரா, பணம் சேர்க்கிறாரா என்றெல்லாம் விசாரித்தார்கள். அது தனிக்கதை.)

பணம் ஆளை நிறுத்தி வைத்தது உண்மை. ஆனால் முதலில் அவர்கள் எதைக் கண்டு ஓடினார்கள்? அதுவரை ஒரு ஃபிட்டர் பல பாகங்களைப் பொருத்தி, சரிபார்த்து, தன் கையால் ஒரு வேலையை முடித்தார். லைன் வந்த பிறகு ஒருவர் போல்ட்டை நுழைப்பார், அடுத்தவர் நட்டைப் போடுவார், மூன்றாமவர் முறுக்குவார். இப்படி வேலையைப் பிரித்தால் உற்பத்தி பெருகும் என்று 1776-லேயே குண்டூசித் தொழிலை வைத்து விளக்கியவர் ஆடம் ஸ்மித். 18 செயல்களாகப் பிரித்துச் செய்தால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்யலாம் என்ற அவருடைய கணக்கை எழுதாத மாணவர் இல்லை. அதே புத்தகத்தின் பிற்பகுதியில், வாழ்நாள் முழுவதும் ஒன்றிரண்டு எளிய செயல்களையே செய்பவனுக்கு அறிவைப் பயன்படுத்தும் பழக்கமே அற்றுப்போகும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். நமக்குத் தேர்வில் முதல் பகுதிதான் வருகிறது.

கொத்து வேலையும் கடிகாரமும்

ஒர்க் ஸ்டடி பாடத்தில் டெய்லர், கில்பிரெத் என்ற இரு பெயர்களை ஒரே மூச்சில் சொல்கிறோம். எனக்கு அந்த இருவரும் ஒன்றாகத் தோன்றவில்லை. அதற்கு என் அப்பா கொத்தனார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டெய்லர் 1911-ல் வெளியிட்ட நூலின் சாரம், யோசிப்பது ஓரிடத்திலும் செய்வது ஓரிடத்திலும் இருக்க வேண்டும் என்பது. எப்படிச் செய்வது, எவ்வளவு நேரத்தில் செய்வது என்பதையெல்லாம் திட்டமிடும் பிரிவு முடிவுசெய்யும். தொழிலாளி அதன்படி செய்வார். ஃபிராங்க் கில்பிரெத்தும் நேரத்தை மிச்சப்படுத்தியவர்தான். ஆனால் அவர் 1885-ல் பதினேழு வயதில் கொத்து வேலை பழகச் சேர்ந்தவர். ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார் 18 அசைவுகள் செய்கிறார் என்று எண்ணி, அதை ஐந்தாகக் குறைத்தார். மணிக்கு 120 கல் வைத்த ஆள் 350 கல் வைக்க முடிந்தது. எப்படி? சுவர் உயர உயரத் தானும் உயர்த்திக்கொள்ளக்கூடிய சாரத்தை அமைத்து, கல்லும் கலவையும் எப்போதும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கச் செய்தார். கல்லின் நல்ல முகம் எது என்று திருப்பிப் பார்க்கும் வேலை கொத்தனாருக்கு இல்லாமல், முன்கூட்டியே அடுக்கி வைக்க ஏற்பாடு செய்தார். கலவை சரியான பதத்தில் இருந்ததால் கரணையால் தட்டித் தட்டி இறக்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

இதை ஒருநாள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், "அவன் கொத்தனாரு கண்ணு, அதான் குனிய உடல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது சரி, மூணு பங்கு கல்லு வெச்சவனுக்குக் கூலி மூணு பங்கு குடுத்தாங்களா?" என்று கேட்டார். டெய்லர் நூலிலேயே இந்தக் கேள்விக்கு ஒரு விதத்தில் பதில் இருக்கிறது. பெத்லகேம் இரும்பு ஆலையில் ஒரு நாளைக்கு 12½ டன் இரும்புக் கட்டிகளைச் சுமந்தவரை 47½ டன் சுமக்க வைத்தார்கள். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். பள்ளிக்கூடம் போகாத என் அப்பா கேட்ட இந்தக் கேள்வி நம் வினாவங்கியில் எங்கும் இல்லை.

அப்பா தன் வேலையில் சந்தோஷமாக இருக்கிறாரா? மழைக்காலத்தில் வேலை இல்லை, இடுப்பு வலி நிரந்தரம், பி.எஃப். கிடையாது. ஆனாலும் பஸ்ஸில் போகும்போது "அந்த மாடி நான் ஏத்துனது" என்று ஜன்னல் வழியாகக் காட்டுவார். அவர் சொல்லும் குறை ஒன்றே ஒன்று. சைட்டுக்கு வரும் சின்ன வயது எஞ்சினியர்களில் சிலர் "வா, போ" என்கிறார்கள். ஒருவர் சித்தாள்கள் முன்னால் "டேய்" என்றும் கூப்பிட்டிருக்கிறார். "கை வலி தூங்குனா போயிரும். அவன் கூப்புட்டது தூங்கி எந்திரிச்சாலும் காதுலயே நிக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நீ, நீங்கள் என்று இரண்டு சொல் இருக்கிற மொழி நம்முடையது. ஐம்பது வயதுக்காரரைச் சிறுமைப்படுத்த ஓர் எழுத்துகூட மிச்சம் பிடிக்கத் தேவையில்லை, விகுதியைக் குறைத்தால் போதும்.

சொன்னவரும் கேட்காதவர்களும்

சென்ற விடுமுறையில் பதினைந்து நாள் இன்பிளாண்ட் டிரெய்னிங் போன கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பிரஸ் ஷாப்பில் ஒரு பிராக்கெட்டில் பர் அதிகமாக வந்து, கூடை கூடையாக ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் மீட்டிங் போட்டார்கள். ஷீட்டின் தடிமனை அளந்தார்கள். சப்ளையருக்குப் போன் போட்டார்கள். அந்த மெஷினில் பன்னிரண்டு வருடமாக நிற்கும் அண்ணன் ஒருவர் டீ நேரத்தில் என்னிடம் சொன்னார்: "ஒரு பக்கம் மட்டும்தான் தம்பி பர் வருது, கவனிச்சியா? கைடு புஷ் தேஞ்சு கிளியரன்ஸ் சாஞ்சிருச்சு. சத்தத்துலயே தெரியும்."

"சொன்னீங்களாண்ணா?"

"சொன்னேன். உன் வேலையப் பாருன்னாங்க. பாத்துக்கிட்டிருக்கேன்."

சில நாள் கழித்து டூல் ரூமில் டையைப் பிரித்தபோது கைடு புஷ் தேய்ந்துதான் இருந்தது. மாற்றினார்கள். அவரிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னவர் யாரும் இல்லை. சுவரில் யோசனைப் பெட்டி என்று எழுதிய பெட்டி ஒன்று தொங்கியது, பூட்டில் துரு ஏறியிருந்தது. அவருடைய சம்பளம் அந்தப் பகுதிக்கு நல்ல சம்பளம்தான். இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் பாக்கி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் கொஞ்சம் பிடிபட்டது. தனக்குத் தெரிந்தது எதற்கும் உதவாது என்று ஒருவரிடம் தினமும் எட்டு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தால், வேலை எளிதாக இருந்தாலும் மனம் சலித்துத்தான் போகும்.

ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் லைனில் குறை கண்ட தொழிலாளியே கயிற்றை இழுத்து விளக்கு எரியவிடலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அதிக வேலையால் சாவதற்கென்றே "கரோஷி" என்று தனிச்சொல் வைத்திருக்கும் நாடு அது. ஆனால் அந்தக் கயிறு ஒரு நல்ல கயிறு.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும், ஐந்து மதிப்பெண் கேள்வி. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் "எப்போது வேலையில் மிக மகிழ்ச்சியாக இருந்தீர்கள், எப்போது மிக வெறுப்பாக இருந்தீர்கள்?" என்று கேட்டு, அதை வைத்து 1959-ல் நூல் எழுதினார். சம்பளம், மேலதிகாரி, கம்பெனி விதிகள், சூழ்நிலை ஆகியவை சரியில்லாவிட்டால் வெறுப்பு வருகிறது. அவை சரியானால் வெறுப்பு போகும், அவ்வளவே. ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போட்டால் காலரா வராது, ஆனால் உடம்பில் பலம் ஏறாது அல்லவா, அதைப் போல. பலம் ஏற்றுவது சாதனை, பாராட்டு, பொறுப்பு, வேலையின் தன்மை இவைதான் என்றார். நல்லது நடந்தால் "நான் செய்தேன்" என்பதும், கெட்டது நடந்தால் "அவன் கெடுத்தான்" என்பதும் மனித இயல்பு, அதைத்தான் இவர் அளந்திருக்கிறார் என்று மறுத்தவர்களும் உண்டு. என்னுடைய சந்தேகம் வேறு. அவர் கேட்டது மாதச் சம்பளக்காரர்களிடம். சனிக்கிழமை கூலி வருமா வராதா என்று தெரியாதவரிடம் கேட்டிருந்தால் பட்டியல் இவ்வளவு ஒழுங்காகப் பிரிந்திருக்குமா?

மனச்சோர்வு தொழிலாளிக்கு, மாரடைப்பு முதலாளிக்கு என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கிலாந்தில் 1967-ல் தொடங்கி அரசு ஊழியர்களை ஆராய்ந்த வைட்ஹால் ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. மைக்கேல் மார்மட்டும் மற்றவர்களும் கண்டது, கடைநிலை ஊழியர்களிடையே இதயநோய் மரணம் உச்சப் பதவியினரைப் போல மூன்று மடங்குக்கும் மேல். புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் வேறுபாடு முழுவதும் மறையவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையின் மேல் தனக்கு அதிகாரம் குறைவாக இருப்பதும் இதயநோயோடு தொடர்புடையது என்று தெரிந்தது. ஆக, பிரஸ் ஷாப் அண்ணனின் "பாத்துக்கிட்டிருக்கேன்" என்பது வெறும் மனக்குறை இல்லை, உடம்பையும் தொடுகிற விஷயம்.

நிற்பவர்கள்

என் சித்தி ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் பிரிவில் இருக்கிறார். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு வரை நிற்க வேண்டும், வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே யோசிக்கத்தக்கது. சித்தி கடையில் ஸ்டூல் வந்தது. "ஸ்டூல் இருக்குது, உக்காந்தா அவங்க பாக்குற பார்வையும் இருக்குது" என்கிறார்.

பெரியப்பா மகன் அண்ணனுக்கு வேறு பிரச்சினை. ஒரு பெரிய ஆலையில் கான்ட்ராக்டில் இருக்கிறார். நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலை, சட்டை மட்டும் வேறு கலர். பதினொரு மாதம் ஆனால் கணக்கை முடித்து, சில நாள் கழித்து மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால், "பிடிச்சு என்ன பண்ண, அது என்னைப் பிடிச்சு வெக்கணுமே" என்கிறார். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு, முதலில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அத்தனை பேருக்கும் கோப்பு எழுதுவதில் ஆசையா என்ன? நாளைக்கு வரவேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாத ஒரு நாற்காலியில்தான் ஆசை.

ஸ்டாப்வாட்ச் யார் கையில்?

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு "நமக்கும் இப்படித்தான் ஆகுமோ" என்று பயப்படும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிப்ளமோ படித்தவர்களில் பலர் சில வருடங்களில் சூப்பர்வைசர் ஆகிறோம், அல்லது ஐ.இ. பிரிவில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறோம். அப்போது நாம் பெறுகிற இடத்தில் மட்டும் இல்லை, கொடுக்கிற இடத்திலும் இருப்போம்.

நமக்குத் தெரிந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்கு நாம் கண்ட நேரம் 0.50 நிமிடம். ஆப்பரேட்டரின் வேகம் 100 என்று ரேட்டிங் போட்டால் நார்மல் டைம் 0.50. அலவன்ஸ் 15 சதவீதம் சேர்த்தால் ஸ்டாண்டர்ட் டைம் 0.575. ஷிப்டின் 480 நிமிடத்துக்கு 834 பீஸ். அதே ஆளைப் பார்த்து "இவன் மெதுவாகச் செய்கிறான்" என்று நினைத்து 80 போட்டால், நார்மல் டைம் 0.40, ஸ்டாண்டர்ட் டைம் 0.46, ஷிப்டுக்கு 1,043 பீஸ். வித்தியாசம் 209 பீஸ்! இரண்டு கணக்கிலும் சூத்திரம் ஒன்று, கடிகாரம் ஒன்று, ஆளும் ஒருவர். மாறியது பக்கத்தில் நிற்பவரின் மனதில் தோன்றிய ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணை எழுதுபவர் அந்த மெஷினில் ஒரு மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும் என்று எந்த சிலபஸிலும் இல்லை.

அலவன்ஸ் அட்டவணையையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பல நூல்களில் எடுத்தாளப்படும் அந்த அட்டவணையில், நின்று வேலை செய்தால் ஆணுக்கு 2 சதவீதம், பெண்ணுக்கு 4 சதவீதம். சலிப்பூட்டும் ஒரே மாதிரி வேலை மிக அதிகமென்றால் 4 சதவீதம். 480 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 19 நிமிடம். சலிப்பு என்ற ஒன்று இருப்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதற்கு விலையும் போட்டிருக்கிறார்கள். அதைக் குறைக்க முடியுமா, இரண்டு மணிக்கு ஒருமுறை ஆட்களை மாற்றிப் போடலாமா, செட்டிங்கையும் இன்ஸ்பெக்ஷனையும் அவரிடமே கொடுக்கலாமா என்பது அந்த அட்டவணையில் வராது. சுவீடனின் வால்வோ கம்பெனி 1974-ல் கல்மார் என்ற ஊரில் லைன் முறையைக் கைவிட்டு, சிறு குழுக்கள் சேர்ந்து காரைப் பூட்டும்படி ஓர் ஆலையைக் கட்டிப் பார்த்தது. இருபது ஆண்டுகள் ஓடி, விற்பனை மந்தமான காலத்தில் 1994-ல் மூடப்பட்டது. மூடப்பட்டதால் அந்த முறையே தவறு என்று எழுதியவர்கள் உண்டு. லைன் போட்ட ஆலைகளும்தான் மூடப்பட்டிருக்கின்றன, அவற்றைப் பார்த்து லைன் தவறு என்று யாரும் எழுதக் காணோம்.

கேம்பஸ் இண்டர்வியூவில் "ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்று கடைசியில் கேட்பார்களாம். சீனியர் அண்ணன்கள் பெரும்பாலும் "நோ சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்த முறை கேட்க இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டிரெய்னிங்கில் முதல் மாதம் மெஷினில் நிற்க விடுவீர்களா? ஆப்பரேட்டர் ஒரு குறையைச் சொன்னால் அது எந்த நோட்டில் ஏறும்? வேலை கிடைக்காமல் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வீட்டு நிலைமை தெரிந்ததால் எனக்கும் பயம்தான். அதனால் இரண்டாவது கேள்வியை மட்டுமாவது கேட்பதாக இருக்கிறேன்.

மாணவர் மன்ற அறையில், கேரம்போர்டு மேஜைக்குப் பக்கத்து அலமாரியில் நீல அட்டை போட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறோம். வேலைக்குப் போன அண்ணன்களும் அக்காக்களும் கல்லூரிப் பக்கம் வரும்போது அதில் எழுதலாம். கம்பெனியின் பெயர் கட்டாயமில்லை. ஷிப்ட் எத்தனை மணி நேரம், உட்கார இடம் உண்டா, எத்தனை மாதத்தில் பெர்மனெண்ட் என்றார்கள், எத்தனை மாதம் ஆனது, மேலே இருப்பவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார், நீங்கள் உங்களுக்குக் கீழே இருப்பவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். கடைசிக் கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது.